உலக முடிவும் அதன் அடிவாரமும்

மலையின் அழகைப் பாடுவது நம் எழுத்தாளர்களுக்குப் புதிதன்று. பனி, அருவி, பசுமை என்று தொடங்கினால் நாலு பக்கம் தானே நிரம்பிவிடும். அப்பசுமைக்குள் மனிதரும் வாழ்கின்றனர் என்ற நினைவு அந்த நாலு பக்கத்தில் எங்காவது தலைகாட்டுகின்றதா என்று தேடினால், பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். இயற்கையை இரசிப்பது குற்றமென்று நான் கூறவரவில்லை. உழைப்பவனுக்கும் பூவைப் பார்க்கும் உரிமையுண்டு. அவ்வுரிமை அவனுக்கு ஏன் கிட்டுவதில்லை என்பதே என் கேள்வி. சென்ற ஏப்ரல் விடுமுறையில் ஹோட்டன் சமவெளிக்குச் சென்றுவந்த பின்னர் இக்கேள்வி என்னை விடுவதாயில்லை.

என் பழைய மாணவியொருத்தி, இன்று மலையகப் பாடசாலையொன்றில் ஆசிரியை, உடன் வந்தாள். பட்டிப்பொலை வழியாக வாயிலை அடைந்து, வெயில் ஏறுமுன் நடக்கத் தொடங்கினோம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்தில், காட்டுத் திட்டுகளுக்கிடையே பத்தனைப் புல்வெளி அலையலையாக விரிந்து கிடந்தது. புல்லின் அடியில் மண்ணோடு ஒட்டிய சின்னஞ்சிறு நீலப் பூக்கள். ஓடைக்கரையில் காசித்தும்பையின் இனத்துச் செடிகள். ஆங்காங்கே முறுக்கேறி நின்ற மரங்களில் கொத்துக் கொத்தாய்ச் சிவந்த மலர்கள். 'மகாரத்மல்' என்பது அதன் சிங்களப் பெயர். பெரிய செம்மலர் என்று பொருள். தூரத்தில் மரைக் கூட்டமொன்று தலைநிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கிற்று. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளும் இம்மேட்டின் ஈரத்திலிருந்தே நீர் பெறுகின்றன. நாட்டின் பெரும்பகுதி வயலுக்கும் வாய்க்கும் நீர் தருவது இப்புல்லும் இக்காடுந்தான்.

வழியில் மஞ்சட் பூக்கள் நிறைந்த முட்புதரொன்று கண்ணைக் கவர்ந்தது. வெள்ளையர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த 'கோர்ஸ்' என்னும் செடி அது. இன்று பரவிப் பெருகிச் சுதேசத் தாவரங்களை நெருக்குகின்றது. அதனைப் பிடுங்கியெறிவதே பெரும் பணியாகிவிட்டது. செடியின் விடயத்தில் இது நியாயமே. ஆனால் இதே கணக்கை மனிதர்மீது போட்டுப் பார்த்தவர்களும் நம் நாட்டில் இருந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பேசலாமென ஒத்திவைத்தது. எஞ்சியோர் குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. முட்செடி மண்ணை நெருக்குவது. இம்மக்களோ மண்ணை விளையச் செய்தவர்கள். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

உலக முடிவை அடைந்தபோது மணி எட்டரை. சமவெளி திடீரென அறுபட்டு, ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாய்க் கீழிறங்குகின்றது. மூடுபனி இன்னும் எழவில்லை. அடியில் தேயிலைச் சரிவுகள், வளைந்து செல்லும் பாதை, தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் ஒரு வரிசை. பக்கத்தில் நின்றவர்கள் "பச்சைக் கம்பளம்" என்று வியந்து படம் பிடித்துக்கொண்டிருந்தனர். மாணவி அந்த வரிசையைச் சுட்டிக் காட்டினாள்.

"அந்த லயத்திலதான் சேர் நான் பிறந்தேன். அம்மா முப்பது வருசம் கொழுந்து பறிச்சது அந்த மலையிலதான். இந்தப் பாறையை அவங்க கீழேயிருந்து தினமும் பார்த்தவங்க. மேலே வந்து ஒரு நாளும் பார்த்ததில்ல."

"ஏன், அழைத்து வந்திருக்கலாமே?"

"இப்ப முழங்கால் ஏலாது சேர். ஏலுமா இருந்த காலத்தில ஒரு நாள் பேரை விட மனசு வரல்ல."

ஒரு நாள் பேர் என்றால் ஒரு நாட் சம்பளம். நான் பதில் கூறவில்லை. சிறிது நேரத்தில் பனி எழுந்து, தோட்டத்தையும் லயத்தையும் ஒருங்கே மூடிற்று.

1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டலாகாதென ஆலோசனை கூறினார். ஆட்சியாளரும் அதற்குச் செவிசாய்த்தனர். இவ்வுச்சி பெருமளவுக்குத் தப்பியமைக்கு அதுவும் ஒரு காரணம். 1988இல் இது தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமையாயிற்று. மகிழ்ச்சிக்குரியதே. ஓர் ஓடையையும் ஒரு மரையையும் காக்கச் சட்டமியற்றத் தெரிந்த சமுதாயத்துக்கு, அவ்வோடை பாயும் சரிவில் தலைமுறைகளாய் உழைக்கும் குடும்பத்துக்குச் சொந்தமாய் ஒரு துண்டு நிலமும் வீடும் கொடுப்பது இயலாத காரியமா? இன்றும் எத்தனையோ குடும்பங்கள் தமக்கென ஒரு பேர்ச் காணியுமின்றி அந்த லயங்களிலேயே வாழ்கின்றன.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவரை ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். பூக்களின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். ஆறுகள் பிறக்கும் இடத்தைக் காட்டுங்கள். உலக முடிவில் நிற்கும்போது, பனி மூடுமுன்னர், கீழே தெரியும் அந்த வரிசைகளில் யார் வாழ்கின்றார்கள் என்றும் அவர்களிடம் கேளுங்கள். அதற்கு விடை தேடும் மாணவன் புவியியலோடு இந்நாட்டின் வரலாற்றையும் படிக்கத் தொடங்குவான்.