குழிக்கு 576

புதுச்சேரியின் குருவிநத்தத்தில் நிலம் பேசுகிறவர்கள் வாயில் முதலில் வருவது குழியும் காணியும்தான். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. பாகூர்ப் பக்கத்து மனக்கணக்கு முழுக்க இந்த 576ஐச் சுற்றியே ஓடுகிறது.

"முப்பதுக்கு நாப்பது மனை. எத்தன குழி, சொல்லு கண்ணு" என்று பேத்தியைக் கேட்டார் ஒரு பெரியவர். அவள் கைபேசியைத் தேடுவதற்குள் அவரே, "ரெண்டு குழி போக நாப்பத்தெட்டு அடி நிக்கும்" என்றார். அவர் வகுக்கவே இல்லை. இரண்டு குழி 1152 என்பது நாக்கிலேயே இருக்கிறது. 1200க்கு மிச்சம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தார்.

அரைக்குழி 288, கால் 144, அரைக்கால் 72, மாகாணி 36. இவற்றில் 36, 144, 576 மூன்றையும் தனியே எடுத்துப் பாருங்கள்: ஆறாறு, பன்னிரு பன்னிரண்டு, இருபத்துநாலு இருபத்துநாலு. பக்கம் பாதியானால் பரப்பு காலாகிறது. இன்னொன்று: முழுக்குழிக் கணக்கு எதுவானாலும் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதின் மடங்குதான் வரும். 1152, 1728, 2304 எல்லாமே அப்படித்தான். வராவிட்டால் எங்கோ தப்பு.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை உரக்கச் சொல்லிச் சொல்லியே இந்தப் பின்னங்களை மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். மனனமே அங்கே கற்கும் வழியாக இருந்ததைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவரது ஆங்கில நூல் 2022இல் வெளிவந்தது. வெறும் உருப்போடுதல் என்று அதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உருப்போட்ட எண்ணுக்கு வெளியே ஒரு வயல் இருந்தது, ஒரு மரக்கால் நெல் இருந்தது. இன்றைய வாய்ப்பாட்டுக்கு அந்த வெளி இல்லை. அபாகஸ் வகுப்பு வேகம் தருகிறது, அளக்க ஒன்றும் தருவதில்லை.

ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. குழியாக்கினால் 75.625. தசமத்தில் பார்த்தால் பிசிறாகத் தெரியும் இந்த எண், பழைய பின்னத்தில் எழுபத்தைந்தே அரையே அரைக்கால் என்று மீதமின்றி அமர்ந்துவிடுகிறது. காணிக்கு மிச்சம் இருபத்துநாலே காலே அரைக்கால். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புக்கு இந்தக் கணக்கை நாடாவோடு வரப்பில் இறங்கிக் கற்றுத்தரலாம். அறுப்பு முடிந்த வயலாகப் பார்த்து, ஒரு காலைப் பொழுது போதும்.