தலைவாஸும் எங்க பனியனும்

தமிழ்த் தலைவாஸ் தோத்தா எங்க பக்கம் சீக்கிரம் யாரும் படுக்கப் போறதில்லை. நான் சொல்வது வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் பெங்களூர் ரோட்டு மேல இருக்கிற மாதனூரை. கிரிக்கெட்டுக்கும் இங்கே ஆள் உண்டு. ஆனால் கிரிக்கெட்டில் தோத்தா டிவியை அணைச்சிட்டுப் படுத்துக்குவான். கபடியில் தோத்தா டீக்கடைக்கு வருவான். ராத்திரி வேலை முடிஞ்சு ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குறவன் முதல்ல கேட்கிற கேள்வியே, “இன்னாடா, இன்னிக்கும் கவுத்துட்டானுங்களா?” என்பதுதான்.

பெரும்பாலும் கவுத்துத்தான் இருப்பார்கள். 2017ல், புரோ கபடியின் ஐந்தாவது சீசனில் வந்த டீம் இது. சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர், இமாச்சலப் பிரதேசத்து அஜய் தாக்கூர் கேப்டன் என்று தடபுடலாக வந்தது. அந்த வருசம் தன் பிரிவில் கடைசி. 2018லும் கடைசி. 2019ல் பிரிவெல்லாம் எடுத்துவிட்டு 12 டீமையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். பன்னிரண்டாவது இடம் நமக்கு. 2021-22ல் பதினொன்று. 2022ல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அதுவரைக்கும் யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு வெளியே போனார். சரி, இந்த வருசமும் அவ்வளவுதான் என்று எல்லாரும் கைவிட்ட பிறகு, பேர் தெரியாத நரேந்தரும் சாகரும் எழுப்பி நிறுத்திய டீம் அரையிறுதி வரைக்கும் போனது. புனேவிடம் 37க்கு 39. ரெண்டே புள்ளி. அன்னிக்கு எங்க டீக்கடையில் அழுத ஆளை எனக்குத் தெரியும். பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவான். அடுத்த ரெண்டு சீசனும் ஒன்பதாவது இடம். 2025ல் பவன் திரும்ப வந்தார், கேப்டனும் ஆனார். ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி சீசன் நடுவிலேயே அனுப்பிவிட்டார்கள்.

இப்படி ஒரு நாள் புலியாகவும் மறுநாள் பூனையாகவும் ஆடுகிற டீமை விட்டுத் தொலைக்காமல் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து அலசுவோம். ஒருத்தன், “ஆட்டம் தெரியாம இல்லடா, வெறி இல்ல” என்பான். இன்னொருத்தன், “வெறி எப்பிட்றா வரும்? அரியானாக்காரன் நம்ம பனியனைப் போட்டுக்கினு ஆடுறான். தமிழ் ரத்தம் ஓடுனா வெறி தானா வரும்” என்பான். தோல் ஷாப்பில் முப்பது வருசம் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்த எங்க சித்தப்பா ஒருத்தர், டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார்: “எந்தத் தமிழ் ரத்தம் நைனா? ஊர்ல ஓடுறதா, காலனில ஓடுறதா?”

அவர் அப்படிக் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். அதற்கு மேல் கடைக்காரருக்கும் சங்கடம்.

சித்தப்பா கேட்டதைத்தான் நான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க நினைக்கிறேன். வெறி, உணர்ச்சி, ரத்தம் என்று சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோம்?

முதலில் மண்ணின் மைந்தர் கணக்கு. 2016ல் பாட்னா டீம் புரோ கபடிக் கோப்பையை வென்றபோது அதன் கேப்டன் தர்மராஜ் சேரலாதன், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். பீகார்க்காரன் யாரும் ‘பீகார் ரத்தம் ஓடலையே’ என்று உட்கார்ந்து அழவில்லை. ஜெயிக்கிற டீமுக்கு யாரும் ரத்தப் பரிசோதனை செய்வதில்லை. தோற்கிறவனிடம்தான் கேட்கிறோம். தமிழ்நாட்டுப் பசங்களை டீமில் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை, கட்டாயம் எடுக்க வேண்டும். அது வேலைக்கான, வாய்ப்புக்கான நியாயம். அதைப் போய் ரத்தத்தில் கலக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஏலம். தோலை ரகம் பிரிக்கிற மாதிரி ஏ, பி, சி, டி என்று ஆளைப் பிரித்து விலை வைக்கிறான். சில மாசம் சேர்ந்து ஆடுகிறார்கள், அப்புறம் கலைந்து போகிறார்கள். கோச்சு மாறுகிறார், கேப்டன் மாறுகிறார். கபடியில் எதிராளியை மடக்கிப் பிடிப்பது ஒருத்தன் வேலை இல்லை. இந்த மூலையில் நிற்பவன் காலைப் பிடிக்கும்போது பக்கத்தில் இருப்பவன் கண் ஜாடையிலேயே தெரிந்துகொண்டு இடுப்பில் விழ வேண்டும். அது பழக்கத்தில் வருவது.

ஆட்டத்தின் விதியே ஏற்ற இறக்கத்தைக் கூட்டுகிறது. பாடிப் போகிறவன் 30 வினாடிக்குள் திரும்ப வேண்டும். தொடர்ந்து ரெண்டு பாட்டில் புள்ளி வராவிட்டால் மூன்றாவது பாட்டில் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் போனவன் அவுட். ஏழு பேரும் வெளியே போய்விட்டால் எதிராளிக்கு இன்னும் 2 புள்ளி கூடுதல். நல்லாப் பாடுகிற ஒருத்தனை நம்பி இருக்கிற டீமில் அவன் வெளியே உட்கார்ந்துவிட்டால், அவனை உயிர்ப்பிக்கிற வரைக்கும் மத்தவன் கை கட்டிப் போனமாதிரிதான். முன்னணியில் இருந்தவன் நாலே நிமிசத்தில் பின்னால் போவது இப்படித்தான். இதில் வெறி குறைந்தது எங்கே?

எங்க காலனி டீமும் இதே பேச்சுக்குத் தப்பவில்லை. தொண்ணூறுகளில் பாலாத்து மணலில் ஆடிப் பழகிய டீம் அது. அப்போ ஆத்துல மணல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேர்ணாம்பட்டுப் பக்கத்து டீமைச் சுருட்டி எடுத்து வருவார்கள். அடுத்த ஞாயிறு ஒன்றுமில்லாத டீமிடம் தோற்றுத் தலையைத் தொங்கப்போட்டு வருவார்கள். “நம்ம பசங்களுக்கு நிலை கெடையாது, சாமி. குடிப்பானுங்க, சண்டை போடுவானுங்க, நெஞ்சுல உறுதி கெடையாது” என்று எங்க பெரியவங்களே சொல்வார்கள். ஊர்க்காரன் நம்மைப் பற்றிச் சொல்லுகிற சொல்லை நம்ம வாயாலேயே சொல்ல வைத்ததுதான் சாதியின் சாமர்த்தியம்.

தோற்ற வாரங்களை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பார்த்தால் விசயம் வேற. நல்லாப் பாடுகிற ரெண்டு பேர் தோல் ஷாப்பில் ஈரத்தோல் வேலை. சுண்ணாம்பும் ரசாயனமும் தின்ற கை. விரல் இடுக்கில் புண். அந்தக் கையோடு ஒருத்தன் காலைப் பிடித்துத் தொங்க முடியுமா? மூலையில் நிற்கிறவன் ஷூ கம்பெனி. கப்பலுக்குச் சரக்கு போகிற வாரம் ஓவர்டைம், ஞாயிறும் கிடையாது. அந்த வாரம் ஆறு பேரோடு போவார்கள். ஆறு பேரோடு போய்த் தோற்றால், ‘ஃபார்ம் போச்சு.’

1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் தோல் கழிவு வழக்கில் தீர்ப்பு சொன்னது. கழிவைச் சுத்தம் பண்ணாத ஷாப்புகள் நடக்கக் கூடாது என்றது. நியாயமான தீர்ப்பு. அந்தக் கழிவு எங்க கிணத்திலும்தான் இறங்கியது. ஆனால் கிணறு கெட்டதும் எங்களுக்குத்தான், ஷாப்பு நின்றபோது கூலி நின்றதும் எங்களுக்குத்தான். அந்த வருசக் கடைசியில் எங்க டீமில் நாலு பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஆடிய நாலு ஆட்டத்திலும் தோல்வி. அதற்கும் நெஞ்சுறுதி இல்லாததுதான் காரணம் என்று பேசினார்கள்.

அந்த நோட்டில் ஒரு தோல்வி இருக்கிறது. அதைப் பற்றி எங்க காலனியில் இன்னிக்கும் வாதம் நடக்கிறது.

பாலாத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், பேர் வேண்டாம். பொங்கலுக்கு அங்கே கபடிப் போட்டி. முதல் பரிசு ஒரு கிடாவும் ஷீல்டும். பசங்க நுழைவுக் கட்டணம் கட்டிப் பேர் கொடுத்தாயிற்று. அந்த வருசம்தான் முதல்முறையாகப் பனியன் தைத்திருந்தோம். நீலப் பனியன், நெஞ்சில் அம்பேத்கர் படம், முதுகில் நம்பர். துணிக்குக் காசு போட்டது பசங்க இல்லை. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற அவங்க அம்மாவும் அக்காவும். தைத்ததும் அவர்களே.

கோட்டுக்குள் இறங்கின பிறகு விழாக் கமிட்டிக்காரர் ஒருத்தர் வந்தார். “படம் இல்லாத பனியன்ல ஆடுங்கப்பா. பிரச்சினை வேணாம்” என்றார். வேற பனியன் இல்லை என்றதும், “அப்போ திருப்பிப் போட்டுக்கினு ஆடுங்க” என்றார். ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். எதிர் டீமு தயாராக நின்றது. சுத்திலும் கூட்டம். எங்க கேப்டன் ஆறு பேரையும் ஒரு பார்வை பார்த்தான். ஒருத்தரும் பனியனில் கை வைக்கவில்லை. நடுக்கோட்டுக்கு முன்னால் ஏழு பேரும் நின்றார்கள். நடுவர் விசில் ஊதினார். நின்றார்கள். திரும்ப ஊதினார். பிறகு வெளியே அனுப்பிவிட்டார்கள். கமிட்டி நோட்டில் எங்க டீமுக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதினதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வந்து நின்ற ஏழு பேரை ‘வரவில்லை’ என்று எழுதின நோட்டு அது.

ராத்திரி காலனியில் பெரிய சண்டை. “திருப்பிப் போட்டு ஆடி, ஜெயிச்சு, கிடாவை ஓட்டிக்கினு வந்திருந்தா அவன் மூஞ்சில கரி பூசின மாதிரி இருந்திருக்கும். நின்னுட்டு வந்ததுல இன்னாத்தக் கண்டீங்க?” என்று ஒரு கட்சி. இதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. விளையாட்டில் ஜெயிப்பதும் ஒரு பதில்தான். “படத்தை மறைச்சு வாங்குற கிடாக் கறி தொண்டையில எறங்குமா?” என்று இன்னொரு கட்சி. கடைசியில் கேப்டனோட அம்மா வந்தது. “ஏண்டா, என் காசுல தெச்ச பனியன். உள்பக்கம் தெரியவா நான் தெச்சேன்?” என்று ஒரே கேள்வி. அன்னிக்கு அதோடு முடிந்தது. வாதம் முடியவில்லை.

ரொம்ப வருசம் கழித்து ஒரு போட்டோவைப் பார்த்தபோது அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. ஆஸ்திரேலியாவில் அவங்களுக்கென்றே ஒரு ஃபுட்பால் உண்டு. கையாலும் அடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். மெல்போர்னில் செயின்ட் கில்டா என்று ஒரு டீம். நம்ம தலைவாஸ் மாதிரி ரசிகனை அழவைக்கிற டீம். அதன் நூத்துச் சொச்ச வருசச் சரித்திரத்தில் ஒரே ஒரு தடவை, 1966ல் கோப்பை வாங்கியிருக்கிறது. அதில் ஆடிய நிக்கி வின்மார் அந்த மண்ணின் பூர்வகுடி. 1993 ஏப்ரல் 17ல் காலிங்வுட் டீமின் மைதானத்தில் எதிர் ரசிகர்கள் ஆட்டம் முழுக்க நிறத்தைச் சொல்லி அசிங்கமாகத் திட்டியிருக்கிறார்கள். செயின்ட் கில்டா ஜெயித்தது. முடிந்ததும் வின்மார் கூட்டத்தைப் பார்த்துப் பனியனைத் தூக்கி, தன் கறுப்புத் தோலை விரலால் தொட்டுக் காட்டினார். அதுதான் அந்தப் போட்டோ.

இதில் கவனிக்க வேண்டியது, வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறார், ‘எங்க டீமுக்குத் துணிச்சல் உண்டு’ என்கிறார் என்று அப்போதே அர்த்தம் சொன்னவர்கள் இருந்தார்கள். தோலைக் காட்டுகிறவனைப் பார்த்து ‘ஆகா, என்ன போராட்ட குணம்’ என்று சொல்லிவிட்டால் தோலைப் பற்றிப் பேச வேண்டியதில்லை பாருங்கள். ரெண்டு வருசம் கழித்து, 1995ல்தான், மைதானத்தில் ஆட்டக்காரர்கள் இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதற்கு எதிராக அந்த ஆட்டத்தின் நிர்வாகம் விதி கொண்டுவந்தது. அப்படியும், ஆடம் குட்ஸ் என்கிற பூர்வகுடி ஆட்டக்காரரை 2015ல் போகிற மைதானமெல்லாம் கூச்சல் போட்டு விரட்டினார்கள். ஆட்டத்தின் உயர்ந்த பதக்கத்தை ரெண்டு தடவை வாங்கியவர் அவர். அந்த வருசத்தோடு ஆடுவதை விட்டுவிட்டார். அவருடைய ஃபார்மில் என்ன குறை கண்டார்கள்?

சாதியைச் சொல்லி ஒரு பையனை வெளியே நிறுத்தினால் அவன் தோற்றதாகக் கணக்கு எழுத நம்ம ஊரில் எத்தனையோ நோட்டு இருக்கிறது. அதையும் தாண்டிச் சில பேர் வந்துவிடுகிறார்கள். சென்னையில் குடிசைகளை இடித்து ஜனங்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குவார்கள். அங்கேயிருந்து வந்த கார்த்திகா 2025ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைக் கேப்டன்.

அந்தச் செய்தி வந்த பிறகு எங்க காலனியில் பதினாலு பொண்ணுங்க சாயந்திரம் ஆட ஆரம்பித்திருக்கிறார்கள். மண்தரைதான். ஒரு செலக்ஷனுக்குப் போனபோது அங்கே மேட்டு விரித்திருந்தார்கள். மண்ணில் வெறுங்காலோடு பழகினவர்கள், மேட்டில் ஷூ போட்டு ஆடணும். ஊரெல்லாம் ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற வீட்டுப் பொண்ணுங்க. மேட்டுக்கான ரப்பர் அடி ஷூ ஒருத்தியிடமும் இல்லை. இரவல் வாங்கிப் போட்டுச் சறுக்கி விழுந்தார்கள். ஒருத்தியும் தேறவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், “பொண்ணுங்களுக்கு இன்னும் தைரியம் பத்தாது” என்று கூடப் போன ஒருத்தர் ஆரம்பித்தார். “அண்ணா, தைரியம் இருக்குது. ஷூதான் இல்ல” என்றது அதில் சின்னது.

ஒரு மேட்டும் பதினாலு ஜோடி ஷூவும் கேட்டு மாதனூர் ஒன்றிய அலுவலகத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். டீக்கடையில்தான் இருக்கிறது. தலைவாஸைத் திட்ட வருகிறவர்கள் எல்லாம் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுத் திட்டலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இதுவரைக்கும் 63 கையெழுத்து.