இனிஷியல் செல்லாது

அகமதாபாத்துக்கு வந்து பதினாலு வருஷமாச்சு. போன மாசம் பொண்ணுக்குக் காலேஜ் விண்ணப்பம், ஆன்லைன்ல, கடைசி நாள் ராத்திரி. (ஏன் கடைசி நாள்னு கேக்காதீங்க, தங்கமணி கேட்டாச்சு.)

எல்லாக் கட்டமும் நிரப்பி, போட்டோ ஏத்தி, சப்மிட் அழுத்தினா மேலே சிவப்புல ஒரே வரி: 'தவறான உள்ளீடு'. எது தவறு? சொல்லலை. கீழே பாத்தா அடிச்சது அத்தனையும் காலி! மறுபடி முதல்லேர்ந்து. பின்கோடா, போன் நம்பர்ல விட்ட இடைவெளியான்னு ஒவ்வொண்ணா மாத்தி மூணு தடவை. மணி 11.20. பொண்ணு கண்ணுல தண்ணி.

மாடி வீட்டுக் குஜராத்திப் பையன் வெப்சைட் எழுதுறவன். ஓடி வந்தான். "அங்கிள், சர்நேம் என்ன போட்டீங்க?" "ஆர்." சிரிச்சான். ஒத்தை எழுத்தை அது பேராவே எடுத்துக்காதாம்.

எங்க பேங்க்ல செக் திரும்பினாக்கூட காரணம் எழுதின மெமோ கூடவே போகும். பணம் போதலைன்னா 01, கையெழுத்து மாறினா 12. காரணமில்லாம திருப்பினா கஸ்டமர் கவுன்ட்டர்லயே சண்டைக்கு வருவார். அதைச் சொன்னேன். வெப்லயும் அப்படித்தானாம். சர்வர் 422ன்னு எண் கொடுத்து, எந்தெந்தக் கட்டத்துல என்ன தப்புன்னு மொத்தப் பட்டியலையும் ஒரே தடவையில திருப்பலாம். பக்கம் அதை அந்தந்தக் கட்டத்துக்குக் கீழேயே காட்டணும், அடிச்சதை அழிக்கக் கூடாது. "சோம்பேறித்தனம் அங்கிள், வேறென்ன" என்றான்.

சர்நேம்ல என் முழுப்பேரைப் போட்டோம். 11.48க்கு ஏத்துக்கிச்சு.

ஆனா மார்க் ஷீட்ல ஒத்தை எழுத்துதானே இருக்கு? சர்டிபிகேட் சரிபார்க்கும்போது ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு அபிடவிட் கேட்டிருக்காங்க. கவுன்ட்டர்ல எத்தனை நம்மூர்க்காரங்ககிட்ட நானே இதைக் கேட்டிருப்பேன் :-( அடுத்து பான் கார்டு எடுக்கணும். அந்தப் படிவத்துலயும் சர்நேம்ல இனிஷியல் ஆகாது, விரிச்சுத்தான் எழுதணும்.

நாளைக்கு நோட்டரிகிட்ட போறோம். "இனிமே கையெழுத்து எந்தப் பேர்லப்பா போடணும்?"னு கேட்டா. அம்மாவைக் கேளுன்னு சொல்லிட்டு ஆபீஸ் கிளம்பிட்டேன். உங்க வீட்டுல என்ன பண்ணினீங்க?