ஊசிக்கு மாற்று, எவருக்கு மாற்று?

இன்சுலின், 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். விழுங்கினால் இரைப்பையும் குடலும் அதைப் பருப்பையும் முட்டையையும் போலவே செரித்துவிடும். 1922 ஜனவரியில் டொராண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்ட காலந்தொட்டு ஊசி நீடித்திருப்பதற்கு இதுவே காரணம்.

மாற்று வழிகள் தேடப்படாமல் இல்லை. பெங்களூரின் பயோகான் உருவாக்கிய ஐ.என்.-105 மாத்திரை, 2011இல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனை முடிவில் முதன்மை இலக்கை எட்டவில்லை. மூச்சுவழி உட்கொள்ளும் எக்ஸூபெரா 2006இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. வாங்குவோர் இல்லாமையால் 2007இலேயே ஃபைசர் அதைக் கைவிட்டது. 2014இல் அங்கு ஒப்புதல் பெற்ற அஃப்ரெஸாவுக்கு 2024 டிசம்பரில் இந்தியாவிலும் அனுமதி கிடைத்தது. அதைப் பெற்றது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்லா.

அதே மும்பையில், காட்கோபரின் அசல்பா குன்றுச் சரிவில் வாழ்கிறார் நெல்லையிலிருந்து வந்த தையல்தொழிலாளி ஒருவர். உணவுக்கு முன் மூன்று வேளை, இரவில் ஒரு வேளை என நாளுக்கு நான்கு ஊசிகள் அவருக்கு. வலி அவருக்குப் பொருட்டன்று. இன்றைய ஊசியின் நீளம் நான்கு மில்லிமீட்டர்தான். பட்டறையில் பலர் பார்க்கச் சேலையை விலக்க வேண்டியிருப்பதே இடர். ஆகவே நண்பகல் ஊசி பெரும்பாலும் தவறுகிறது. மருத்துவக் குறிப்பேட்டில் அது 'ஒழுங்கின்மை' என்று பதிவாகிறது.

உள்ளங்கையில் அடங்கும் கருவியில் தூளை ஒருமுறை உள்ளிழுத்தால் போதும் என்பது இத்தகையோருக்கு மெய்யான விடுதலை. ஆனால் தொடங்குமுன் நுரையீரல் திறனைச் சோதிக்க வேண்டும்; ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையோருக்கு அது ஆகாது; புகைப்போருக்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை. இவருக்கோ சிறுவயது முதலே இளைப்பு. இளைப்பு இல்லாதிருந்தாலும் இரவு ஊசி நீங்காது. உள்ளிழுக்கும் இன்சுலின் உணவுவேளைக்கு மட்டுமே உரியது. குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே வைத்தால், பிரிக்காத உறைகளையும் பத்து நாளுக்குள் பயன்படுத்தியாக வேண்டும்.

மருந்துச் சோதனைகள் மூன்றுமாதச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1.சி.யைத் துல்லியமாக அளக்கின்றன. தவறிய நண்பகல் ஊசி ஏன் தவறியது என்பதை அந்த எண் சொல்லாது. அக்காரணத்தை நோயாளியிடமே கேட்டறிவதும் ஆய்வின் பணியே. கேட்டால், தமக்கு முதலில் வேண்டிய மாற்று, பட்டறையில் தாழ்ப்பாள் உள்ள ஒரு சிறு மறைவிடம் என்றே இவர் சொல்வார். அதற்கு எந்த ஒப்புதலும் தேவையில்லை.