காளைக் கன்று எந்தக் கணக்கில்?

அரவை சீசன் நேரத்தில் சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இது தெரியும். எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு டிராக்டரும் லாரியும் வந்துகொண்டே இருக்கும். ஒரு காலத்தில் அந்த வரிசையில் மாட்டு வண்டிகளும் நிறைய நிற்கும். இப்போது வண்டி மாடு என்றால் ஊருக்கு ஒன்றோ இரண்டோ ஜோடிதான்.

அப்படி மிச்சமிருக்கும் ஒரு ஜோடி, பக்கத்து கிராமத்தில் ஒரு பெரியவரிடம் இருக்கிறது. சாம்பல் கலந்த வெள்ளை. மேலே எழும்பிப் பின்னால் வளைந்து நுனியில் நெருங்கி வரும் கொம்பு. பார்த்தவுடன் சொல்லிவிடலாம், காங்கேயம். பெரியவர் காலையில் சாணி அள்ளி, வைக்கோல் உதறிப் போட்டு, தவிட்டுத் தண்ணி காட்டி, வாய்க்காலுக்கு ஓட்டிப் போய்க் குளிப்பாட்டுவார். வண்டி வேலை வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் பெரிய விஷயம். தரகர் மட்டும் மாதம் ஒரு தடவை தவறாமல் வந்து போகிறார்.

இந்த மாடுகள் இந்த மண்ணில் பிறந்தவை இல்லை. பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். திருப்பூர் மாவட்டம், காங்கேயம் வட்டாரம்.

அங்கே ஒரு குடும்பம். எட்டுப் பசு, ஒரு பூச்சிக்காளை (நம் பக்கம் பொலிகாளை என்போம்), சில கன்றுகள், வீட்டைச் சுற்றிக் கொறங்காடு. கொறங்காடு என்றால் காடு இல்லை, மேய்ச்சல் நிலம். முள்ளுக்கிளுவையை வரிசையாக நட்டு உயிர்வேலி போட்டிருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், பின்னாலேயே ஆள் திரிய வேண்டாம். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய் உதிரும், அதையும் பொறுக்கித் தின்னும். அதுவும் போதாதபோது சோளத்தட்டு. மழை குறைந்த அந்தப் பூமியில் நெல்லும் கரும்பும் வராது. ஆனால் மாடு வரும். பலமான எலும்பும் கெட்டியான குளம்பும் உள்ள மாடு.

வீட்டில் விடியும் முன்பே எழுந்துவிடுவார்கள். முதலில் கன்றை ஊட்ட விட்டு, பிறகுதான் கறப்பு. வேளைக்கு ஒன்றிரண்டு லிட்டர் கிடைக்கும். ஜெர்சி மாட்டோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். அதில் வீட்டுக்குப் போக மீதிதான் விற்பனை. பிறகு சாணி, தண்ணீர்த் தொட்டி, வேலியில் மாடு நுழைந்த சந்தை முள் வைத்து அடைப்பது, சினை மாட்டைத் தனியே பார்ப்பது. கன்று பிறந்தால் செவலை நிறத்தில் இருக்கும். சில மாதம் கழித்துத்தான் நிறம் மாறும். மயிலையா, பிள்ளையா, காரியா, செவலையாகவே நின்றுவிடுமா என்று வீடே பந்தயம் கட்டும்.

வம்சாவளி என்றால் இங்கிலாந்துக்காரர்கள் புத்தகம் போடுவார்கள். ஷார்ட்ஹார்ன் மாடுகளுக்கு ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் 1822-லேயே பதிவேடு அச்சடித்துவிட்டார். காங்கேயத்தில் பழையகோட்டை பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த காளைகளை வைத்து இந்த இனத்தை மேம்படுத்தியது. லிட்டில்வுட் 1936-இல் தென்னிந்திய கால்நடைகள் பற்றி எழுதிய புத்தகத்திலும் காங்கேயம் மாடு உண்டு. ஆனால் நம்ம எட்டுப் பசுக் குடும்பத்தில் பதிவேடு பாட்டியின் தலைக்குள்தான் இருக்கிறது. எந்தப் பசு எந்தப் பசுவின் மகள், எந்த ஊர்க் காளைக்குப் பிறந்தது, அதன் தாய் எத்தனை ஈத்து ஈன்றது... எல்லாம் அந்த அம்மாவுக்கு மனப்பாடம்.

ஒரு வருஷம் மூன்று காளைக் கன்றுகள் பிறந்தன. அங்கேதான் பிரச்சினை.

முதல் கன்று நல்ல உடம்பு, நல்ல திமில். பூச்சிக்காளைக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது துடியான கன்று. ரேக்ளாவுக்கு வாங்க ஆள் வருவார்கள். ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தபோது அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 2017 ஜனவரியில் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது, 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆக இரண்டாவது கன்றும் பிழைத்தது.

மூன்றாவது? குறை ஒன்றும் இல்லை. சாதாரணமான, சாதுவான கன்று. அவ்வளவுதான்.

"ஏனுங்ப்பா, அந்த மூணாவது கன்னை என்ன பண்றதுங்க?" என்று மகன் கேட்டான். காலேஜில் காமர்ஸ் படிக்கிற பையன்.

அப்பா பதில் சொல்லவில்லை. பாட்டிதான் சொன்னார். "அதையும் நம்ம மயிலைதானப்பா பெத்தா. இருந்துட்டுப் போகட்டும் கண்ணு."

"இருந்தா தீனிக்கு யாருங்க அப்பத்தா காசு குடுப்பாங்க?"

பையன் கேட்டதில் தப்பில்லை. இண்ட் ஏ.எஸ். 41 என்ற கணக்கியல் தரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஆடு மாடெல்லாம் அதில் 'உயிரியல் சொத்து'. கம்பெனியாக இருந்தால், சந்தை மதிப்பில் விற்கும் செலவைக் கழித்து வரும் தொகையைப் புத்தகத்தில் எழுத வேண்டும். பால் தரும் மாடு ஒரு வகை, இறைச்சிக்காக வளர்க்கும் மாடு இன்னொரு வகை. எட்டுப் பசு வைத்திருக்கும் விவசாயிக்கு இந்தச் சட்டம் எல்லாம் கிடையாது. ஆனாலும் கேள்வி அதேதான். மூன்றாவது கன்றின் சந்தை மதிப்பு என்ன?

முன்பெல்லாம் அதற்குப் பதில் இருந்தது. கிணற்றில் கவலை இழுக்க மாடு வேண்டும், ஏர் ஓட்ட வேண்டும், வண்டி இழுக்க வேண்டும். மூன்றாவது கன்றுக்குக் காயடித்து, நுகத்தடிக்குப் பழக்கி, கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போவார்கள். அங்கிருந்து கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போகும். சேத்தியாத்தோப்பு பெரியவரின் ஜோடியும் அப்படி வந்ததுதான். அதாவது காங்கேயத்தின் மூன்றாவது கன்றுகளுக்குச் சோறு போட்டதே நம் ஊர் கரும்பு வண்டி மாதிரியான வேலைகள்தான்! கவலையை பம்புசெட் எடுத்துக்கொண்டது, ஏரையும் வண்டியையும் டிராக்டர் எடுத்துக்கொண்டது. இப்போது மூன்றாவது கன்றுக்கு வரும் முதல் ஆள் இறைச்சி வியாபாரி. அவரும் கொம்பைப் பார்ப்பதில்லை, தாயைக் கேட்பதில்லை. உடம்பைப் பார்த்து எத்தனை கிலோ தேறும் என்று கணக்குப் போடுகிறார்.

பிரேசிலில் கதையே வேறு. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர், ஓங்கோல் பக்கத்து மாடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறி அங்கே போயின. 1960-களின் தொடக்கத்திலும் ஒரு கூட்டம் போனது. இன்று பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி 'நெலோர்' இனமும் அதன் கலப்பும்தான். 2023-இல் வியாட்டினா-19 என்ற நெலோர் பசுவின் மூன்றில் ஒரு பங்கு ஏலம் போனது. அந்தக் கணக்கில் முழுப் பசுவின் மதிப்பு சுமார் 43 லட்சம் டாலர்! அங்கேயும் மாடுகள் கடைசியில் வெட்டுக்குத்தான் போகின்றன. ஆனால் அந்தப் பணம் திரும்ப வந்து வம்சத்தை வளர்க்கிறது, பதிவேட்டை நடத்துகிறது. அங்கே வம்சத்துக்கு விலை, இங்கே எடைக்கு விலை.

அதற்காக நாமும் பிரேசில் மாதிரி செய்யலாம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பொங்கலன்று மாலை போட்ட மாட்டைப் பார்த்து அந்தப் பாட்டியிடம் யார் போய் அதைச் சொல்வது? 'விற்கவே கூடாது' என்று சொல்வதும் சுலபம்தான், சொல்கிறவர் தீனி வாங்கித் தருவதில்லை என்கிற வரைக்கும்.

காங்கேயத்துக் கன்று இரண்டு சந்தைக்குப் போய், வண்டிக்கு வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தது. மூன்றாவது சந்தையில் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் எதற்கு வாங்கினார் என்று அப்பா கேட்கவில்லை. வெறும் கயிற்றோடு வீட்டுக்கு வந்தவரிடம் பாட்டியும் கேட்கவில்லை.

சேத்தியாத்தோப்பு பக்கம் தரகர் இந்த மாதமும் வந்தார். "ரெண்டுக்கும் வயசாயிட்டு வருது பெரியவரே. இப்பக் குடுத்தா நல்ல விலை, அடுத்த வருஷம் இதுகூடக் கிடைக்காது."

பெரியவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "இதுங்க இருக்குற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்யா. ஆனா புதுசா ஜோடி வாங்க மாட்டேன்."

தரகர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். பெரியவர் வைக்கோல் உதறப் போனார்.