எட்டியாந்தோட்டைக்கு எத்தனை எழுத்து?

சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில், தேயிலையும் இறப்பரும் விளையும் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த எட்டியாந்தோட்டையின் பெயரைத் தமிழ் படிக்கும் சிறுவர் எவரும் எட்டு எழுத்தாகவே எண்ணுவர். அதே பெயரின் நீளத்தை உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிடம் கேட்டால் அது 15 என்கிறது, சில வேளைகளில் 16 என்றும் சொல்கிறது. இது ஏட்டளவில் நின்றுவிடும் வேறுபாடன்று. இணையப் படிவத்தின் ஒரு பெட்டியில் இத்தனை எழுத்துகள்தாம் இடலாம் என்ற வரம்பும் இதே கணக்கில் இயங்குவதால், தோட்டப் பெயர், டிவிசன், லயன் எண் என்று நீளும் மலையகத் தமிழரின் முகவரி, 30 எழுத்துக்கு இடம் உண்டு என்று அறிவிக்கும் பெட்டியில் ஏறத்தாழப் பாதியிலேயே நின்றுவிடும்.

இதன் மூலத்தைத் தேடுவோர் முதலில் 1995ஆம் ஆண்டு மே மாதத்துக்குச் செல்வர். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவை எழுதினார். 1997 ஜூனில் வெளியான அதன் முதல் தரநிலை, சரம் என்பதை, அதாவது எழுத்துத் தொடராகிய தரவை, 16 பிட் எண்களின் வரிசை என்று வரையறுத்தது. ஆகவே பழியை 16 பிட்டின்மேல் போடுவது நிரலர்களிடையே வழக்கம். தமிழைப் பொறுத்தவரை அது பொருந்தாத பழி. அன்றாடத் தமிழுக்கு வேண்டிய குறிகள் யாவும் அந்த அளவுக்குள் அடங்கிவிடுகின்றன.

வேர் இன்னும் பின்னே, இந்தியாவில் இருக்கிறது. இந்திய எழுத்துமுறைகளுக்குப் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறியீடு, அகரமேறிய மெய்க்கு ஓர் எண்ணும், உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண்களும் தந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடு அந்த அடுக்கையே பெரிதும் பின்பற்றியது. இலக்கணம் ஓரெழுத்தாகக் கொள்ளும் 'டி' கணினிக்கு இரண்டானது இவ்வாறுதான். 'தோ' என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு எண்களாகவும் எழுத யூனிகோடு இடம் தருவதால் 16 என்ற விடையும் வருகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிய, ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு மட்டும் அவை இரு வேறு ஊர்கள். அதே ஊரின் சிங்களப் பெயரும் இதற்குத் தப்பவில்லை: அதன் ஆறு எழுத்துகள் ஒன்பதாக எண்ணப்படுகின்றன.

யூனிகோடு பரவுமுன் இலங்கையில் செல்வாக்குப் பெற்றிருந்த பாமினி எழுத்துருவில் 'பு' ஒரே குறியாகவும், 'தோ' கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, 'த', கால் என மூன்று குறிகளாகவும் பதிவாயின. சுரதாவின் பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகள் இந்த வரிசையை உலாவியிலேயே யூனிகோடுக்குத் திருப்பின.

2015ஆம் ஆண்டுத் தரநிலை இரண்டு உதவிகளைக் கொண்டுவந்தது. 'நார்மலைஸ்' என்ற செயல்முறை, 15, 16 என நின்ற இரு வடிவங்களையும் ஒன்றாக்கியது. மற்றொன்று, 16 பிட்டுக்குள் அடங்காத ஈமோஜிகளை இரண்டாகப் பிளக்காமல் எண்ணும் வழி. ஆனால் எட்டியாந்தோட்டை அதிலும் 15ஆகவே நின்றது. சிரிக்கும் முகத்துக்குக் கிடைத்த நீதி உயிர்மெய்க்குக் கிடைக்கவில்லை. 2018இல் சுருங்குறித் தொடர்களுக்கு, அதாவது எழுத்துக் கோலங்களைத் தேடும் குறியீட்டு முறைக்கு, யூனிகோடு வகைகளை அறியும் ஆற்றல் வந்த பிறகு, ஓர் எழுத்தையும் அதைத் தொடரும் குறிகளையும் சேர்த்து ஒன்றாக எண்ணி எட்டு என்ற விடையைப் பெறுவது இன்னும் எளிதாயிற்று. பயனர் ஓரெழுத்தாகக் காண்பதை அவ்வாறே பிரித்துத் தரும் 'இன்ட்ல் செக்மென்டர்' என்ற உள்ளமைந்த கருவி 2020இல் குரோம் 87இலும், 2021இல் சஃபாரி 14.1இலும், 2024 ஏப்ரலில் பயர்பாக்ஸ் 125இலும் இடம்பெற்றது. அதுவும் 'க்ஷ' என்பதை இரண்டாகவே பிரிக்கும். எனினும் இதுவரை வந்தவற்றுள் தமிழ்க் கணக்குக்கு மிக நெருங்கியது அதுவே.

இற்றைப்படுத்தப்படாத உலாவியுடன் ஒரு கைப்பேசி பல ஆண்டுகள் புழங்கக்கூடும் என்பதால், செக்மென்டர் இருக்கிறதா என்று நிரல் முதலில் சோதித்து, இல்லாதவிடத்துச் சுருங்குறித் தொடரைக் கொண்டு எண்ண வேண்டும். இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் மும்மொழிப் படிவம் அமைப்போர், பெட்டியின் இயல்பான நீள வரம்பை நம்பாமல் இவ்வாறு எண்ணவும், பெயர்களைச் சேமிக்குமுன் நார்மலைஸ் செய்யவும் வேண்டும்.