பன்னிரண்டு பக்கத்துக் கடைவீதி

நீங்களும் தில்லியில் கோல் மார்க்கெட் பக்கம் வளர்ந்தவரென்றால் வழி சொல்லவே வேண்டாம். கண்டக்டர் 'கோல் மார்க்கேட்' என்று கூவுவதற்குள் மூக்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் மீன், இன்னொரு பக்கம் நெய்யில் பொரியும் ஜிலேபி. மார்கழியானால் எல்லாவற்றுக்கும் மேலே அங்கீட்டி அடுப்புக் கரிப்புகை. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளி விட்டதும் கோட்டுப் பைக்குள் சூடாக வேர்க்கடலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வங்காளி பாபுக்கள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசுவார்கள். நம் வீட்டு மாமிகள் மூக்கில் தலைப்பை வைத்துக்கொண்டு கொத்தமல்லிக்காரனிடம் ஓடுவார்கள்.

புது தில்லி முழுசாக எழும்புவதற்கு முன்பே, 1921இல் கட்டிய மார்க்கெட் இது. ரவுண்டானா நடுவே பன்னிரண்டு பக்கம், உள்ளே முற்றம். இத்தனை கடைக்கும் ஒரே மச்சு. மழைக்காலத்தில் மச்சு எல்லோருக்கும் பொது, ஒழுகல் மட்டும் அவரவருக்கு. தன் தலைக்கு மேலே சொட்டுகிற இடத்தில் ஆளுக்கு ஒரு கை சிமெண்ட் பூசுவார்கள்.

மழை ஓய்ந்ததும் மூங்கில் ஏணியோடு ஒரு கிழக் கொத்தனார் வருவார். எங்களுக்கு அவர் பேர் தெரியாது, மிஸ்திரிஜி, அவ்வளவுதான். சுண்ணாம்பு, சுர்க்கி என்கிற செங்கல்பொடி, ஒரு கட்டி வெல்லம் போட்டு நாள் முழுக்கக் குழைப்பார். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை எனக்கு ஜிலேபி வாசனையை விடப் பிடிக்கும். வெல்லத்துக்காக எறும்பு வரும், நாங்களும் போவோம்; ஒரு துணுக்கு கிள்ளிக் கொடுப்பார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்பார். எங்கே பொய்ச்சத்தமோ அங்கேதான் கொத்துவார்.

அப்புறம் அருங்காட்சியகமாக்குவதென்று கடைகளைக் காலி பண்ணினார்கள்; அது பெண் சாதனையாளர்களுக்கு என்று பிறகு முடிவாயிற்று. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் காலத்துக் கட்டடம் எதைத் திறந்தாலும் நினைத்த செலவோடு நிற்காது. அலமாரியை நகர்த்தினால் பின்னால் ஓதம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். மேலே பூசிய சிமெண்ட் அதைத் தடுத்து உள்ளேயே தேக்கி, செங்கல்லைப் பொடியாக்கும். மச்சைத் தாங்கும் இரும்பு துருவேறினால் பருத்துச் சுற்றியிருப்பதைப் பிளக்கும். விரிசலில் முளைத்த அரசங்கன்றை மேலே வெட்டினால் போதாது, வேர் எதுவரை போயிருக்கிறதென்று தேடிப் பிடுங்க வேண்டும். ஒன்றில் கை வைத்தால் ஒன்பது வரும். ஆள் புழங்கிய வரைக்கும் சொட்டுச் சொட்டாகக் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த பழுதெல்லாம் பூட்டின பிறகு கேட்பாரில்லாமல் வளர்ந்துபோகும்.

சுற்றி இருந்த நம் ஒற்றைத் தளக் குவார்ட்டர்ஸ் பலவும் இப்போது இல்லை. கயிற்றுக் கட்டில் போட்டுக் கோடையில் தூங்கிய புல்வெளியும் இல்லை. மெட்ராஸ் ஓட்டலும் மூடியாயிற்று. எனக்கு ஒரே ஆசை: அந்தப் பன்னிரண்டில் ஒரு பக்கத்தையாவது கடையாகவே விடட்டும். மீனோ ஜிலேபியோ, தினம் யாராவது கதவைத் திறந்து அண்ணாந்து மச்சைப் பார்ப்பார்களே.